டீசல் எஞ்சின் மீதான குற்றப்பத்திரிகை: சில திருத்தங்கள்

"பழைய டீசல் எஞ்சின் மாதிரி வராதுங்க, இப்ப வர்றதெல்லாம் வெறும் எலக்ட்ரானிக்ஸ்." கார் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். மெக்கானிக் சொல்வார், டாக்ஸி ஓட்டுகிறவர் சொல்வார், யூடியூபில் வண்டியைச் சுற்றிக் காட்டுகிறவரும் சொல்வார். எதிர்த்தரப்பிலும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "எஞ்சின்ல கோளாறு இல்ல சார், நீங்க ஓட்டுற முறைதான் சரியில்ல."

இந்த இரண்டு வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வந்தேன். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் ஒருவர் பழைய எஞ்சினின் கணக்கை மறைக்கிறார், இன்னொருவர் புது எஞ்சினின் கணக்கை மறைக்கிறார். அந்த இரண்டு கணக்கையும் விரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

பழசு ஏன் உழைத்தது?

1998-இல் அறிமுகமான டாடா இண்டிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1.4 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, சுமார் 53 குதிரைத்திறன். இன்றைய ஹூண்டாய் கிரெட்டாவில் இருப்பது 1.5 லிட்டர் டீசல், 116 குதிரைத்திறன். கிட்டத்தட்ட அதே அளவு சிலிண்டரில் இரண்டு மடங்குக்கு மேல் வேலை வாங்குகிறோம். பழைய எஞ்சினில் பம்ப் சில நூறு பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும். எஞ்சினுக்குத் தன் முழுச் சக்தியைக் காட்ட வேண்டிய கட்டாயமே இருந்ததில்லை. இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை நாம் பேசுவதே இல்லை. பழைய எஞ்சின் தன் கழிவை முழுக்க வெளியே கொட்டியது. குப்பையை அப்படியே தெருவில் வீசுகிற வீடு உள்ளே சுத்தமாகத்தான் இருக்கும். மலையேறும்போது பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போன வண்டிகள் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கரி எஞ்சினுக்குள் தங்கவில்லை, பின்னால் வந்த பைக்காரரின் நெஞ்சுக்குள் தங்கியது. 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகை இருக்கிற அதே பிரிவு.

ஆக, பழைய எஞ்சினின் நம்பகத்தன்மைக்கு ஒரு மானியம் இருந்தது. அதைக் கட்டியது வண்டிக்காரர் இல்லை. "அந்தக் காலத்து எஞ்சின்" என்று பெருமூச்சு விடும்போது இந்த வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு விஷம், ஒரு சிலிண்டர்

டீசல் எஞ்சினில் முக்கியமாக இரண்டு நஞ்சுகள் உண்டாகின்றன. ஒன்று கரித்துகள். இன்னொன்று நைட்ரஜன் ஆக்சைடுகள். சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை வளர்க்கும். சூடாக, நிறையக் காற்றோடு எரித்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும்.

இந்தியாவில் பிஎஸ்-4 விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும், 0.025 கிராம் கரித்துகளும் விடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 விதியில் அது 0.08 கிராமாகவும் 0.0045 கிராமாகவும் இறங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில், அதுவும் இவ்வளவு தூரம் இறக்க வேண்டும். சிலிண்டருக்குள் மட்டும் இதைச் செய்ய முடியாது. அதனால் எஞ்சினைச் சுற்றி ஒரு சின்ன ரசாயன ஆலையையே மாட்டினார்கள். புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பிச் சூட்டைக் குறைக்கும் இஜிஆர் வால்வு. கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற பீங்கான் வடிகட்டி. பல வண்டிகளில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் எஸ்சிஆர். இதோடு 2,000 பாருக்கு அருகிலும் அதற்கு மேலும் போகிற காமன் ரெயில் இன்ஜெக்ஷன்.

வொர்க்ஷாப்புக்கு வருகிற புது டீசல் வண்டிகளின் பெரிய செலவுகள் பெரும்பாலும் இந்த ஆலையில்தான் இருக்கின்றன. பிஸ்டன், கிராங்க், பிளாக் என்ற பழைய எஞ்சின் பகுதி இன்றும் நன்றாகவே உழைக்கிறது. அதைச் சுற்றி மாட்டியதுதான் தடுமாறுகிறது.

எங்கே, எப்படி உடைகிறது?

முதலில் இஜிஆர். திரும்பி வருகிற புகையில் கரி இருக்கிறது. கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியோடு அது சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டும் ஒரு கறுப்புக் குழம்பு ஆகிறது. காற்று உள்ளே போகும் குழாயை அது கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும், வால்வைச் சிக்கவைக்கும். பெரும்பாலும் இது பிக்கப் குறைவதோடு நிற்கும். எப்போதும் அப்படி நிற்பதில்லை. 2018-இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்தன. இஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொண்டதைக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே மட்டும் சுமார் 1,06,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பரிசோதனை முடிக்காத கார்களை ஓட்டக்கூடாது என்று அரசே உத்தரவு போட்டது.

அடுத்தது டிபிஎஃப். இதைப் பற்றித்தான் அதிகம் புலம்பல். வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நகர நெரிசலில் ஊர்ந்து போகிற டீசல் வண்டியின் புகையில் அந்தச் சூட்டில் பாதிகூட இருக்காது. அதனால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? எரிப்பு முடிந்த பிறகு கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, அதைப் புகைக்குழாயில் எரியவைத்து வடிகட்டியைச் சூடாக்குகிறது. இது முடிய பத்து இருபது நிமிடம் ஆகும். நடுவில் வீடு வந்து சாவியைத் திருப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கும். மறுநாள் மறுபடி முயற்சி, மறுபடி பாதி.

ஒவ்வொரு பாதி முயற்சியிலும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகும், டர்போ, பேரிங் எல்லாம் அந்த நீர்த்த ஆயிலில் ஓடும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். குறைந்தால் பயப்படப் பழகிய நாம், ஏறியிருந்தால் "பரவால்ல, ஆயில் குடிக்கல" என்று சந்தோஷப்படுவோம். புது டீசலில் ஆயில் மட்டம் ஏறுவது கெட்ட சகுனம். இதை வாங்கும் நாளில் எத்தனை ஷோரூமில் சொல்கிறார்கள்?

ஆயில் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கரி எரியும், ஆனால் எஞ்சின் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்களின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே நிரந்தரமாகத் தங்கும். அதனால்தான் டிபிஎஃப் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள். பல கார்களுக்கு டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 மாதிரி எழுதியிருக்கும். லாரிக்கு ஊற்றுகிற ஆயிலை "நல்ல கெட்டியான ஆயில்" என்று இதில் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைக் கையாலேயே குறைப்பது.

இன்ஜெக்டருக்கு வருவோம். அதன் உள்ளே நகரும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அவற்றுக்கு உராய்வு எண்ணெயும் அந்த டீசலேதான். தண்ணீர் கலந்த டீசல், மண்ணெண்ணெய் கலந்த டீசல் எல்லாவற்றையும் பழைய பம்ப் இருமிக்கொண்டே குடித்துவிடும். புதுசு குடிக்காது. பம்ப் தேய ஆரம்பித்தால் உலோகத்தூள் ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் பரவும். ஒன்றை மாற்றி முடிக்க முடியாது, மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

யூரியாக் கரைசலிலும் நம் ஊருக்கென்று ஒரு தலைவலி இருக்கிறது. 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் இந்தக் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். வேலூர் வெயிலில் கடை வாசலில் அடுக்கிவைத்த கேன் எத்தனை மாதம் அங்கே நின்றது என்று யார் பார்க்கிறார்கள்?

"ஓட்டுற முறை சரியில்ல"

மேலே சொன்னதையெல்லாம் படித்தால் கம்பெனி சொல்வது சரி என்றுதானே தோன்றும்? குறைந்த தூரம் ஓட்டாதே, ஹைவேயில் கொண்டுபோய் நூறில் ஓட்டு, சரியாகிடும். உலகம் முழுக்க சர்வீஸ் சென்டர்களில் கொடுக்கப்படும் மருந்துச்சீட்டு இது.

ஆஸ்திரேலியாவில் டொயோட்டா மீது நடந்த வழக்கு இந்த மருந்துச்சீட்டையே கேள்வி கேட்கிறது. ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் என்று 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை விற்ற 2,64,170 டீசல் வண்டிகள். வெள்ளைப்புகை, நாற்றம், திரும்பத் திரும்ப சர்வீஸ். 2022-இல் ஃபெடரல் நீதிமன்றம் அந்த டிபிஎஃப் அமைப்பே குறைபாடுள்ளது என்று தீர்ப்பளித்தது. கோளாறு எந்த நிலைமையில் வெளிப்பட்டது தெரியுமா? தொடர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓட்டும்போது. அதாவது எது மருந்து என்று சொல்லப்பட்டதோ அதுவே அங்கே நோயைக் கிளப்பியது. நெடுஞ்சாலையில் நூறில் போவதை "தவறான ஓட்டுமுறை" என்று யாரும் சொல்ல முடியாது. வண்டிகளின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு மேல்முறையீடுகளில் மாறியது; முதலில் 17.5 சதவீதம், 2023-இல் 10 சதவீதம், 2024-இலும் மேல் நீதிமன்றம் வரை போனது. குறைபாடு இருந்தது என்ற முடிவு மாறவில்லை. இந்தத் தீர்ப்பு அங்கே விற்ற வண்டிகளைப் பற்றியது. அதே பெயரில் இங்கே ஓடுகிற வண்டிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "ஓட்டுறவர் தப்பு" என்ற வாதத்தை விசாரிக்காமல் ஏற்கக்கூடாது என்பதற்கு இது போதும்.

என் ஆட்சேபம் இன்னும் எளிமையானது. நகரத்தில் தினமும் எட்டு கிலோமீட்டர் ஓட்டுவது விதிவிலக்கான பயன்பாடு இல்லை. நகரத்தில் கார் வைத்திருக்கிற பாதிப்பேர் ஓட்டுவது அப்படித்தான். ஒரு பொருள் பாதி வாடிக்கையாளர்களின் சாதாரணப் பயன்பாட்டில் ஓடாது என்றால், அதை அவர்களிடம் விற்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். வாரன்டி முடிந்தபின் சொல்வது அறிவுரை இல்லை, தப்பித்தல்.

ஒரு வாக்குமூலம்

2015 செப்டம்பரில் வெளியான ஃபோக்ஸ்வாகன் மோசடியை எல்லாரும் புகை மோசடியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில், சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருள். சாலையில் சட்ட வரம்பைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு. ஆனால் 2017-இல் அந்த நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இணைத்த உண்மை அறிக்கையில், நம்பகத்தன்மை பற்றி ஆர்வம் பிடித்த யாரும் படிக்க வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது.

2012 வாக்கில் வாடிக்கையாளர்களிடம் இருந்த சில கார்களில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. பொறியாளர்கள் யோசித்தார்கள். கார்கள் சோதனை முறையை விட்டு வெளியே வராமல், சாலையிலும் அந்தச் சுத்தமான முறையிலேயே ஓடிக்கொண்டிருப்பதால் புகைக்குழாய் அமைப்புக்கு அழுத்தம் கூடி அது பழுதாகிறதோ? அவர்கள் கண்ட தீர்வு மோசடியைக் கூர்மையாக்குவது. ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று பார்த்து, சோதனையா சாலையா என்று இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

இதை மெதுவாகப் படித்துப் பாருங்கள். சட்டம் கேட்ட அளவுக்குச் சுத்தமாக ஓடினால் தங்கள் பாகங்கள் தாங்காது என்று அவர்களே சந்தேகப்பட்டார்கள். பாகத்தை வலுவாக்கக் காசு செலவாகும், மென்பொருளை மாற்ற ஆகாது. "விதிமுறைதான் டீசலைக் கெடுத்தது" என்கிறவர்களுக்கு என் பதில் இந்த அறிக்கை. விதிமுறை ஒரு கேள்வி கேட்டது. அதற்கு நேர்மையான விடை விலை கூடியதாக இருந்தது. மாருதி அந்த விலையைப் பார்த்துவிட்டு 2020 ஏப்ரலோடு டீசலையே விட்டது. சின்ன காரில் அந்த ஆலையை மாட்டினால் விலை எடுபடாது என்று கணக்குப் போட்டது. விற்பனைக்காகப் பொய் சொல்வதைவிட அது மேல்.

விதிமேல் பழி போட முடியாதவை

எல்லாவற்றுக்கும் புகைச்சட்டத்தைக் காட்டவும் முடியாது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, எஞ்சினுக்குப் பின்னால் இருந்தது. அது தேய்ந்து அறுந்த கதைகள் ஏராளம். மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். பெஷோ, சித்ரோன் கார்களின் 1.5 புளூஹெச்டிஐ எஞ்சினில் இரண்டு கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் செயின் 7 மில்லிமீட்டர். அது தாங்காமல் பிறகு 8 மில்லிமீட்டருக்கு மாற்றினார்கள். ஒரு மில்லிமீட்டரில் மிச்சம் பிடித்த எடைக்கும் காசுக்கும் எத்தனை எஞ்சின் போயிற்று! ஃபோர்டின் 2.0 எகோபுளூவில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடியது. உராய்வு குறையும், எரிபொருள் மிச்சம் என்பது நோக்கம். பெல்ட் உதிர்ந்தால் அந்தத் துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் மாற்றும் இடைவெளியை விளம்பரத்துக்காக நீட்டிவைத்தால் இந்த மாதிரி வடிவமைப்பு இன்னும் சீக்கிரம் சாகும். இவை வடிவமைப்புத் தீர்மானங்கள். முதல் மூன்று வருடத்தை மட்டும் பார்க்கிறவர்கள் எடுத்தவை.

கழற்றிப் போடுவது தீர்வா?

நம் ஊரில் கைவசம் இருக்கிற வைத்தியம் வேறு. "இஜிஆர அடைச்சிடலாம், டிபிஎஃப்ப குடைஞ்சு எடுத்துட்டு மேப் ஏத்திடலாம், வண்டி பறக்கும்." உண்மையில் பறக்கும். வடிகட்டி மாற்ற சில வண்டிகளில் லட்சம் ரூபாயைத் தாண்டும்போது, அதில் ஒரு சின்னப் பங்கில் வேலை முடியும் என்றால் யாருக்கும் சபலம் வரும். அந்த வண்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் எதன் மேல் என்றால், இதைக் கண்டுபிடிக்கவே முடியாதபடி இருக்கிற நம் சோதனை மேல். பியூசி சோதனை டீசலுக்குப் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதே இல்லை. இஜிஆரை அடைத்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும் என்று மேலே பார்த்தோம். ஆக, இஜிஆரை அடைத்த வண்டி பியூசியில் முன்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கும்! நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இல் வருடாந்தர, இரு வருடச் சோதனைகளில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. ஓட்டை விழுந்த வடிகட்டியை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கேதான் பழைய எஞ்சின் ரசிகர்களும் கம்பெனிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறார்கள். வண்டி நன்றாக ஓட வேண்டும், புகையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

கேட்க வேண்டியது

சுத்தமாக இருப்பதும் நீடித்து உழைப்பதும் இரண்டு தனி விஷயம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். பத்தாவது வருடத்தில் கழற்றி எறியப்படும் வடிகட்டி முதல் வருடத்தில் எவ்வளவு சுத்தம் செய்தது என்பதில் பெரிய அர்த்தமில்லை. ஐரோப்பாவின் யூரோ-7 விதி இந்தத் திசையில் நகர்கிறது. 10 வருடம் அல்லது 2,00,000 கிலோமீட்டர் வரை புகை அளவுக்குப் பொறுப்பு கேட்கிறது. நம்மிடமும் ஒரு கருவி இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், 2021 ஏப்ரல் முதல், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிடலாம். ஓட்டுபவருக்கும் சாலையில் போகிறவருக்கும் மட்டுமில்லை, சுற்றுச்சூழலுக்குத் தீங்கு தரும் குறைபாடும் அந்தப் பிரிவில் வருகிறது. அடைத்துக்கொண்டே இருக்கும் டிபிஎஃப் அதில் வராதா என்று கேட்டுப் பார்க்க வேண்டியது புகார் கொடுக்கும் நாம்தான். சர்வீஸ் சென்டரில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது. பெரும்பாலும் ஊர் ஓட்டம், அடிக்கடி நெடும்பயணம் கிடையாது என்றால் டீசலைத் தொடாதீர்கள். மைலேஜில் மிச்சம் பிடித்ததை ஒரே பில்லில் திருப்பிக் கொடுக்க நேரலாம். மாதம் ஆயிரம் ஆயிரத்தைநூறு கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்றால் இன்றும் டீசல் நல்ல எஞ்சின்தான். பழைய பிஎஸ்-6 டீசலை வாங்கும்போது பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஸ்கேனர் போட்டு டிபிஎஃப் அழுத்த வித்தியாசமும் கடைசியாக எப்போது முழுதாக எரித்தது என்பதும் பாருங்கள். டிப் ஸ்டிக்கை உருவி மட்டம் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஆயில் பில் கேளுங்கள். வடிகட்டி இருக்கிறதா, அல்லது வெறும் டப்பாதானா என்று பாருங்கள்.

குற்றப்பத்திரிகையில் எஞ்சினின் பெயரை முதலில் எழுதியது தவறு என்பதே என் முடிவு. அதில் முதல் பெயர், எட்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவரிடம் இது உங்களுக்கு ஏற்ற வண்டி இல்லை என்று தெரிந்தும் சாவியைக் கையில் கொடுத்தவருடையது.